கொலாஜன் அவிழும் நேரம்

அமெரிக்க வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கென்றே பெயர்பெற்ற சமையல் ஒன்று உண்டு: பாட் ரோஸ்ட். ஒன்றரைக் கிலோ எடையுள்ள மாட்டிறைச்சியைத் துண்டு போடாமல் முழுசாக எடுத்து, கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயம், செலரித் தண்டு ஆகியவற்றோடு மூடிய பாத்திரத்தில் மணிக்கணக்கில் வேகவிடுவார்கள். இன்று பல வீடுகளில் இந்த வேலையை ஸ்லோ குக்கர் பார்த்துக்கொள்கிறது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது எல்லாவற்றையும் உள்ளே வைத்து, குமிழை ‘லோ’வில் திருகிவிட்டுப் போனால், மாலையில் சாப்பாடு தயார்.

முதன்முறை சமைப்பவர்களை ஒரு விஷயம் திகைக்க வைக்கும். எட்டு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால், பல்லுக்கு வேலை வைக்கும் என்று நினைத்த இறைச்சி முள்கரண்டி பட்டதுமே பிரிந்து வருகிறது. அரை மணியில் வெந்துவிடும் என்று நினைத்த கேரட்டோ, நடுவில் இன்னும் கடுக்கென்று இருக்கிறது. ஒரே பாத்திரம், ஒரே சூடு, ஒரே நேரம். இருந்தும் விளைவு தலைகீழ்.

காரணம் எளிது. இறைச்சிக்கு விறைப்பைத் தருவது ஒரு புரதம். காய்க்கு விறைப்பைத் தருவது ஒரு மாவுப்பொருள் வகைச் சேர்மம். அவை இளகும் வெப்பநிலை வேறு, இளக எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. பாட் ரோஸ்ட் என்பது இந்த இரண்டு கணக்குகளையும் ஒரே மூடிக்குள் நேர் செய்யும் வேலை.

உழைத்த தசை

பாட் ரோஸ்டுக்கு அமெரிக்கக் கசாப்புக் கடைகளில் கேட்டு வாங்குவது ‘சக்’ எனப்படும் தோள்பட்டைப் பகுதி. மாட்டின் உடல் எடையில் பாதிக்கும் மேல் முன்னங்கால்களின் மீதுதான் இறங்குகிறது. நிற்கும்போதும் நடக்கும்போதும் தலையைத் தாழ்த்தி மேயும்போதும் தோள் தசைகளுக்கு ஓய்வில்லை. உழைக்கும் தசையை எலும்போடும் பக்கத்துத் தசையோடும் உறுதியாகப் பிணைக்க, இணைப்புத் திசு நிறையத் தேவைப்படுகிறது. அதனால் அந்த இறைச்சி கடினமாகிறது, விலையும் குறைகிறது.

முதுகெலும்பின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ‘டெண்டர்லாயின்’ இதற்கு நேரெதிர். அந்தத் தசைக்கு வேலை குறைவு, இணைப்புத் திசுவும் குறைவு. சூடான தட்டில் சில நிமிடம் வாட்டினாலே மென்மையாக இருக்கும். விலை தோள்பட்டை இறைச்சியைவிடப் பல மடங்கு. ஆனால் விலை உயர்ந்த அந்த இறைச்சியை ஸ்லோ குக்கரில் எட்டு மணி நேரம் போட்டால் கிடைப்பது வறண்ட நார். மலிவான துண்டுதான் இங்கே வெற்றி பெறும். எந்தக் குறையால் அது மலிவானதோ, அந்தக் குறையே நீண்ட சமையலில் அதன் செல்வமாக மாறுகிறது.

இறைச்சியை உருப்பெருக்கிப் பார்த்தால் மெல்லிய நீண்ட தசை இழைகள் தெரியும். ஒவ்வோர் இழைக்கும் ஒரு மெல்லிய உறை. பல இழைகள் சேர்ந்த கட்டுக்கு இன்னோர் உறை. பல கட்டுகள் சேர்ந்த முழுத் தசைக்கு மேலும் தடித்த ஓர் உறை. இழைகளுக்குள் பெரும்பகுதி தண்ணீர். பச்சை இறைச்சியின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு அதுதான். உறைகளின் மூலப்பொருள் கொலாஜன் என்ற புரதம். தசை எடையில் அதன் பங்கு ஓரிரு விழுக்காடு அளவே என்றாலும், கடிக்கும்போது பல் உணரும் எதிர்ப்பில் அதன் கை ஓங்கியிருக்கிறது.

கிண்டியில் கண்ட முறுக்கு

கொலாஜன் ஏன் இவ்வளவு உறுதியானது என்ற கேள்விக்கு விடை சென்னையில் கிடைத்தது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்ற ஜி. என். ராமச்சந்திரன், எக்ஸ் கதிர்களைக் கொண்டு மூலக்கூறுகளின் வடிவத்தை ஆராயும் கூடத்தைக் கிண்டி வளாகத்தில் அமைத்தார். சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் படிகவியல் அறிஞர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் வடிவம் இன்னும் தீராத புதிராக இருப்பதை அவரிடம் சுட்டிக்காட்டினார். பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. தோலும் கொலாஜன்தானே! ஆஸ்திரேலியக் கங்காருவின் வால் தசைநாண் அந்த நிறுவனத்தின் வழியாக ஆய்வுக்குக் கிடைத்தது. கொலாஜன் இழைகள் அதில் மிகச் சீராக அடுக்கப்பட்டிருந்ததால் எக்ஸ் கதிர்ப் படங்கள் தெளிவாக விழுந்தன.

ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இலும் 1955இலும் ‘நேச்சர்’ இதழில் தம் முடிவை வெளியிட்டார்கள். மூன்று புரி சேர்த்து முறுக்கிய கயிறுபோல, மூன்று நீண்ட புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருப்பதே கொலாஜன். அதே 1955இல் அலெக்ஸாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் சங்கிலிகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் திருத்தம் சொன்னார்கள். மூன்று சங்கிலி முறுக்கு என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

ஒவ்வொரு சங்கிலியிலும் ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள். அவற்றில் மூன்றில் ஒன்று கிளைசின், அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது. மூன்று சங்கிலிகளும் நெருங்கும் மைய அச்சில் வேறெதுவும் நுழைய இடமில்லை. அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசினே உட்கார வேண்டியிருக்கிறது. ஹைட்ராக்சிபுரோலின் என்ற இன்னொரு அமினோ அமிலம் முறுக்கை வெப்பத்திலும் கலையாமல் காக்கிறது. அதை உருவாக்க உடலுக்கு வைட்டமின் சி வேண்டும். அந்த வைட்டமின் இல்லாமல்தான் பழங்காலக் கப்பல் மாலுமிகளின் ஈறுகள் ஸ்கர்வி நோயில் சிதைந்தன.

இப்படி முறுக்கிய மூலக்கூறுகள் பக்கவாட்டில் அடுக்கப்பட்டு, குறுக்குப் பிணைப்புகளால் ஒன்றோடொன்று பூட்டப்பட்டுள்ளன. விலங்குக்கு வயது ஏற ஏற இந்தப் பூட்டுகள் வெப்பத்துக்கு அசையாதவையாக மாறுகின்றன. முதிர்ந்த மாட்டின் இறைச்சி அதிக நேரம் வேக வேண்டியிருப்பது இதனால்தான்.

முதலில் இறுகும், பிறகு இளகும்

சூடு ஏறும்போது இறைச்சிக்குள் நடப்பது நேர்கோட்டு முன்னேற்றம் அல்ல. சுமார் 50 டிகிரி செல்சியஸில் தசை இழைகளின் முக்கியப் புரதமான மையோசின் உருக்குலைந்து கெட்டிப்படத் தொடங்குகிறது. 60 டிகிரியைத் தாண்டும்போது கொலாஜன் உறைகள் சுருங்கி, உள்ளிருக்கும் இழைகளை நெரிக்கின்றன. சாறு வெளியே பீறிடுகிறது. 70 டிகிரியை நெருங்கும்போது ஆக்டின் என்ற இன்னொரு புரதமும் இறுகுகிறது. இந்தக் கட்டத்தில் இறைச்சியை எடுத்துக் கடித்தால் ரப்பர்தான். மூன்று மணி நேரத்திலேயே பொறுமை இழந்து துண்டை வெட்டிப் பார்ப்பவர்கள், ‘இறைச்சி சரியில்லை’ என்று முடிவுகட்டுவது இங்கேதான்.

மாற்றம் அதற்குப் பிறகு வருகிறது. சுமார் 70 டிகிரிக்கு மேல், முறுக்கு அவிழ்ந்த கொலாஜன் சங்கிலிகள் பிரிந்து, சுற்றியுள்ள நீரில் கரைந்து ஜெலட்டின் ஆகின்றன. இது மெதுவான வேலை. 60 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் ஆகும்; 80, 90 டிகிரிகளில் சில மணி நேரத்தில் முடியும். உறைகள் கரைந்ததும் இழைகளைச் சேர்த்துப் பிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. ஒவ்வோர் இழையும் தனியாகப் பார்த்தால் இறுகித்தான் இருக்கிறது; ஆனால் கட்டு அவிழ்ந்துவிட்டதால் மொத்தத் துண்டும் மென்மையாகத் தோன்றுகிறது.

சாறு விஷயத்திலும் இப்படி ஒரு மாறாட்டம் உண்டு. வெந்து முடியும்போது இறைச்சி தன் எடையில் கால் பங்குக்கும் மேல் இழந்திருக்கும். அளவுகோலின்படி அது வறண்ட இறைச்சிதான். ஆனாலும் வாயில் ஈரமாக உணரப்படுவதற்குக் காரணம், இழைகளுக்கு இடையே வழுவழுப்பாகப் படர்ந்திருக்கும் ஜெலட்டினும் உருகிய கொழுப்பும். டெண்டர்லாயினில் இந்த இரண்டும் போதிய அளவு இல்லை. சாறு போன இடத்தை நிரப்ப அங்கே ஏதுமில்லை. தோள்பட்டைத் துண்டையும் எல்லை மீறி வேகவிட்டால் ஜெலட்டின் முழுவதும் குழம்பில் இறங்கி, இழைகள் உலர்ந்த தும்பாகிவிடும்.

மெதுவாகச் சூடேறுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. தசையிலேயே உள்ள சில நொதிகள், சூடு தம்மை அழிக்கும்வரை புரதங்களைச் சிறிது சிறிதாக வெட்டுகின்றன. வெப்பம் மெல்ல ஏறும்போது அவற்றுக்குக் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது.

மறந்துபோன ஆட்டுத் தோள்

இந்த உண்மையை வேதியியல் விளக்குவதற்கு வெகு முன்பே ஒரு தற்செயல் காட்டிக்கொடுத்தது. மாசச்சூசெட்ஸில் பிறந்து, பவேரியாவில் பணியாற்றி ‘ரம்ஃபோர்ட் பிரபு’ ஆனவர் பெஞ்சமின் தாம்சன். வெப்பவியல் முன்னோடிகளில் ஒருவர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், உருளைக்கிழங்கு உலர்த்துவதற்காக அமைத்த கருவி ஒன்றில் ஆட்டுத் தோள் இறைச்சியை வேகவைக்க முயன்றார். மூன்று மணி நேரமாகியும் வேகவில்லை. பணிப்பெண்களிடம் விட்டுவிட்டுப் போனார். அவர்கள் அதை இரவு முழுக்க உள்ளேயே விட்டுவிட்டார்கள். காலையில் பார்த்தால் இறைச்சி அருமையாக வெந்து, மிக மென்மையாக இருந்தது. குறைந்த சூடும் நீண்ட நேரமும் சேர்ந்து செய்யும் வேலையை அவர் தம் கட்டுரையில் பதிவு செய்தார்.

சமையலறையில் இந்த அறிவு அதற்கும் பழையது. யூதர்களின் ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக் கூடாது. அதனால் கிழக்கு ஐரோப்பிய யூதக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை மாலையே இறைச்சி, பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு கலந்த சோலெண்ட் என்ற உணவைப் பானையில் இட்டு, ரொட்டிக்காரரின் அடுப்பில் கொண்டுபோய் வைத்தார்கள். ரொட்டி வேலை முடிந்த அடுப்பின் எஞ்சிய சூட்டில் இரவு முழுக்க வெந்த பானை மறுநாள் வீட்டுக்கு வரும்.

லிதுவேனியாவின் வில்னா நகரத்தில் இப்படிப் பானை தூக்கிய கதையைத் தாய் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அமெரிக்கப் பொறியாளர் இர்விங் நாக்சன். அந்த அடுப்பின் வேலையை மின்சாரத்தால் செய்யும் கலன் ஒன்றை வடிவமைத்து 1936இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1940இல் கிடைத்தது. பின்னாளில் ‘நாக்சன் பீனரி’ என்ற பெயரில் அதை விற்றார். 1970இல் கான்சஸ் சிட்டியின் ரைவல் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கியது. மறு ஆண்டு சிகாகோவில் நடந்த வீட்டுப் பொருள் கண்காட்சியில் ‘கிராக்-பாட்’ என்ற புதுப் பெயரோடு கலன் வெளிவந்தது. வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போகும் பெண்களின் எண்ணிக்கை வேகமாகக் கூடிக்கொண்டிருந்த காலம் அது. 1971இல் 20 லட்சம் டாலராக இருந்த விற்பனை 1975இல் 9.3 கோடி டாலரை எட்டியது. உள்பாத்திரத்தைத் தனியே எடுத்துக் கழுவும் வசதி 1974இல் வந்தது.

200 வாட் அடுப்பு

கருவியின் அமைப்பில் சிக்கல் எதுவும் இல்லை. தடித்த பீங்கான் பாத்திரம். அதைச் சுற்றி உலோகக் கூடு. கூட்டின் சுவரில் மின்சூடாக்கும் கம்பி. மேலே கண்ணாடி மூடி. நடுத்தரக் குடும்பத்துக்கான கலன் சுமார் 200 வாட் எடுக்கும். ஒன்றரைக் கிலோ இறைச்சியையும் ஒரு கிலோ காயையும் குளிர்ப்பெட்டி குளிரிலிருந்து 90 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 800 கிலோஜூல் வெப்பம் வேண்டும். வெளியே ஒரு துளி சூடும் போகாது என்று வைத்துக்கொண்டாலும் 200 வாட்டில் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். பீங்கானும் சூடாக வேண்டும், சுவர் வழியாகவும் மூடி வழியாகவும் இழப்பும் இருக்கிறது. அதனால் உண்மையில் பல மணி நேரம் பிடிக்கிறது. எட்டு மணி நேரம் முழுவதும் 200 வாட் ஓடினாலும் செலவு 1.6 யூனிட்.

‘லோ’, ‘ஹை’ என்ற இரு நிலைகளைப் பற்றிப் பரவலான ஒரு தவறான எண்ணம் உண்டு. ‘ஹை’ அதிக வெப்பநிலைக்கும் ‘லோ’ குறைந்த வெப்பநிலைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கலன்களில் இரண்டும் கடைசியில் போய்ச் சேருவது கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான். ‘ஹை’ அங்கே மூன்று நான்கு மணி நேரத்தில் சேரும். ‘லோ’ ஏழெட்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

இறைச்சியின் தடிமனுக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. வெப்பம் இறைச்சிக்குள் கடத்தல் மூலம் மட்டுமே நகர முடியும். நகர்வதும் மிக மெதுவாக. தடிமன் இரட்டிப்பானால் மையம் சூடேறும் நேரம் நான்கு மடங்காகும். 7 சென்டிமீட்டர் தடிமனுள்ள துண்டு ஒன்றின் மையத்தை வெப்பம் எட்ட, வெளியே கொதிநீர் இருந்தாலும், இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அவசரம் என்றால் குமிழைத் திருகுவதைவிடத் துண்டை இரண்டாகப் பிளப்பதே அதிகப் பலன் தரும்.

மூடியின் உட்புறத்தில் நீராவி குளிர்ந்து, துளிகளாகி, மீண்டும் பாத்திரத்துக்குள்ளேயே விழுகிறது. தண்ணீர் வற்றுவதே இல்லை. இறைச்சியும் காயும் விடும் நீர் வேறு சேர்கிறது. அடுப்பில் செய்யும் பாட் ரோஸ்டுக்கான தண்ணீர் அளவை அப்படியே இங்கே ஊற்றினால் கடைசியில் மிஞ்சுவது நீர்த்த சாறுதான். ஒரு கோப்பை தண்ணீர் போதும். அடிக்கடி மூடியைத் திறந்து பார்ப்பதும் கூடாது. உள்ளே அடைந்திருந்த ஆவி ஒரு நொடியில் போய்விடும். இழந்த சூட்டை 200 வாட்டில் மீட்க இருபது நிமிடம் வரை ஆகும்.

பழுப்பு நிறம் எங்கிருந்து?

நீர் இருக்கும்வரை கலனுக்குள் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. வறுத்த இறைச்சியின் மணமும் ஆழ்ந்த பழுப்பு நிறமும் அங்கே உருவாகாததற்கு அதுவே காரணம். அவற்றைத் தருவது, பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மெய்லார்ட் 1912இல் விவரித்த வினை. சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் கூடி நூற்றுக்கணக்கான மணச் சேர்மங்களை உண்டாக்கும் இந்த வினை, சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் வேகமாக நடக்கும். அனுபவமுள்ள சமையல்காரர்கள் இறைச்சியின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, இரும்புச் சட்டியில் எல்லாப் பக்கமும் சிவக்கப் பொரித்த பிறகே கலனில் வைக்கிறார்கள். சட்டியின் அடியில் ஒட்டிய பழுப்புப் படிவையும் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுரண்டி ஊற்றிக்கொள்வார்கள். மணத்தின் பெரும்பங்கு அதில்தான்.

இப்படிப் பொரிப்பது ‘சாறு வெளியேறாமல் அடைக்கும்’ என்ற நம்பிக்கை ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டஸ் ஃபான் லீபிக்கிடமிருந்து வந்தது. 1847இல் வெளியான அவருடைய நூல் அதை அறிவியலாகவே முன்வைத்தது. 1930களில் இறைச்சியை எடை போட்டுச் சோதித்தபோது கருத்து பொய்த்தது. பொரித்த துண்டும் பொரிக்காத துண்டும் சாற்றை இழக்கத்தான் செய்தன. பொரிப்பதால் கிடைப்பது சுவை; அதற்காகவே அந்தப் பத்து நிமிட வேலை தகும்.

கேரட்டின் பிடிவாதம்

இனி அந்தக் கடுக்கென்ற கேரட். காய்கறியின் ஒவ்வொரு செல்லையும் விறைப்பான சுவர் சூழ்ந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்துச் சுவர்களை ஒட்டிவைப்பது பெக்டின். ஜாம் கெட்டிப்படுவதும் இதே பொருளால்தான். இறைச்சியின் கொலாஜன் 70 டிகிரியிலேயே கரையத் தொடங்கும். பெக்டினோ சுமார் 85 டிகிரியைத் தொடும்வரை பெரிதாக அசைவதில்லை. ‘லோ’வில் வைத்த கலன் தன் எட்டு மணி நேரத்தில் கணிசமான பகுதியை அந்த வரம்புக்குக் கீழேயே கழிக்கிறது. இறைச்சிக்கு அந்த நேரமெல்லாம் வேலை நேரம், கேரட்டுக்கோ காத்திருப்பு.

காத்திருப்பில் இன்னொரு சங்கடமும் நேர்கிறது. 50 முதல் 65 டிகிரி வரையிலான சூட்டில், காயிலேயே உள்ள பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ் என்ற நொதி சுறுசுறுப்படைகிறது. அது பெக்டின் சங்கிலியிலிருந்து மெத்தில் தொகுதிகளைக் கழற்றுகிறது. கழன்ற இடங்களில் கால்சியம் வந்து அமர்ந்து, சங்கிலிகளை ஒன்றோடொன்று பூட்டுகிறது. பிறகு எவ்வளவு சூடு ஏறினாலும் அந்தக் காய் எளிதில் குழையாது. டப்பாவில் அடைக்கும் காய்கள் கூழாகாமல் இருக்க உணவுத் தொழிற்சாலைகள் இதே உத்தியை வேண்டுமென்றே கையாளுகின்றன. ஸ்லோ குக்கரோ யாரும் கேட்காமலேயே கேரட்டை அந்த வெப்பநிலையில் நெடுநேரம் நிறுத்திவைக்கிறது.

தக்காளி, ஒயின், வினிகர் போன்ற புளிப்புகள் சேர்ந்தால் பெக்டின் இன்னும் மெதுவாகவே சிதையும். கால்சியம் நிறைந்த கடினநீரும் அப்படியே.

கலனோடு வரும் கையேடுகள் வேர்க் காய்களை அடியிலும் ஓரங்களிலும் பரப்பி, இறைச்சியை மேலே வைக்கச் சொல்வது இந்தக் காரணங்களால்தான். சூடாக்கும் கம்பி சுவரில் இருக்கிறது. சுவரை ஒட்டியிருப்பது முதலில் சூடாகும். சாற்றில் மூழ்கியிருக்கும் காய்க்கு, மேலே மிதக்கும் காயைவிட வேகமாக வெப்பம் ஏறும். கேரட்டை ஓரளவு சிறிய, ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்குவது, தக்காளி வகைகளைக் கடைசி ஒரு மணி நேரத்தில் சேர்ப்பது ஆகியவையும் உதவும். உருளைக்கிழங்கின் மாவு 60 டிகிரியைச் சுற்றியே நீர் உறிஞ்சி வீங்கிவிடும். ஆனால் அதன் செல் சுவர்களுக்கும் பெக்டின் விதிதான். பச்சைப் பட்டாணி போன்ற மென்மையானவற்றுக்குக் கடைசிப் பதினைந்து நிமிடமே அதிகம்.

வெங்காயத்தில் இறைச்சி மணம்

காய்கள் இந்தச் சமையலில் துணைக்கு மட்டும் நிற்கவில்லை. வெட்டிய வெங்காயம் நீண்ட நேரம் வேகும்போது அதன் கந்தகச் சேர்மங்களிலிருந்து 3-மெர்காப்டோ-2-மெத்தில்பென்டேன்-1-ஆல் என்ற பொருள் பிறக்கிறது. அதன் மணம் இறைச்சிச் சாற்றின் மணம். வெங்காயம் சேர்ந்த குழம்பில் இறைச்சிச் சுவை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேடா, கொம்பு கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டறிந்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். 1913இல் அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொடாமா, உலர்ந்த மீனிலிருந்து இனோசினேட்டைப் பிரித்தெடுத்தார். இரண்டும் சேர்ந்தால் சுவை கூட்டல் கணக்கில் ஏறாமல் பல மடங்காகப் பெருகுவதைப் பின்னாளில் அகிரா குனினாகா காட்டினார். மாட்டிறைச்சியில் இனோசினேட் இயல்பாகவே இருக்கிறது. தக்காளியிலும் காளானிலும் குளூட்டமேட் இருக்கிறது. ஒரு கைப்பிடி காளானோ ஒரு கரண்டி தக்காளி விழுதோ பாட் ரோஸ்டின் சுவையைத் தூக்கி நிறுத்துவது இந்தச் சேர்க்கையால்.

நுண்ணுயிர்களின் நேரம்

மெதுவாகச் சூடேறுவது கொலாஜனுக்கு நல்லது; பாக்டீரியாக்களுக்கும் அதே மெதுவான நேரம் வாய்ப்பாகிவிடக் கூடாது. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட பகுதியை அமெரிக்க வேளாண் துறை அபாய எல்லை என்கிறது. உறைந்த இறைச்சியை அப்படியே ஸ்லோ குக்கரில் வைத்தால் அதன் மையம் அந்த எல்லைக்குள் பல மணி நேரம் கிடக்கும். இறைச்சியின் உறைபனி முழுதும் உருகிய பிறகே சேர்க்க வேண்டும். குளிர்ப்பெட்டியிலேயே வைத்து உருகவிடுவது பாதுகாப்பானது. கலனைப் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை நிரப்புவதும், முடிந்தால் முதல் ஒரு மணி நேரம் ‘ஹை’யில் ஓடவிடுவதும் அந்தத் துறை தரும் அறிவுரைகள்.

இந்தியச் சமையலறைகளுக்கு இன்னும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ராஜ்மா எனப்படும் சிவப்புக் கிட்னி பீன்ஸில் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. வேகாத நாலைந்து பயறே வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் வரவழைக்கப் போதும். முழுக் கொதி இல்லாத சூட்டில் அந்த நச்சு அழிவதில்லை. அரைகுறைச் சூட்டில் வேகவைத்தால் பச்சைப் பயறைவிடக்கூட நச்சுத்தன்மை கூடலாம். ஸ்லோ குக்கரில் போடும் முன் ராஜ்மாவை ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவெனக் கொதிக்கவிட்டாக வேண்டும்.

நம் வீடுகளின் பிரஷர் குக்கர், கொலாஜனையும் பெக்டினையும் சேர்த்து இளக்கும் சிக்கலுக்கு எதிர்த் திசையிலிருந்து வரும் தீர்வு. 1679இல் டெனி பாப்பன் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் காட்டிய நீராவிக் கலன் எலும்பையே மென்மையாக்கியது. இன்றைய குக்கருக்குள் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி. கொலாஜன் கரைவதும் பெக்டின் சிதைவதும் பல மடங்கு வேகம் பிடிக்கின்றன. ராஜ்மாவின் நச்சும் அங்கே நிற்காது. ஆனால் இறைச்சி பதமாவதற்கும் குலைவதற்கும் இடையில் கிடைக்கும் அவகாசம் சில நிமிடங்கள்தான். காய்கறி அதற்கு முன்பே கூழாகிவிடும். ஸ்லோ குக்கரில் அந்த அவகாசம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. அலுவலகத்திலிருந்து வீடு திரும்பத் தாமதமானாலும் சாப்பாடு கெடுவதில்லை.

பதம் பார்க்கக் கடிகாரத்தைவிட முள்கரண்டி நம்பகமானது. இறைச்சியின் நடுவில் குத்தித் திருகும்போது எதிர்ப்பின்றிச் சுழன்றால் கொலாஜன் போதிய அளவு கரைந்துவிட்டது. வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு மையத்தில் 90 டிகிரியைத் தாண்டிய அளவு காட்டும். நுண்ணுயிர் நோக்கில் மாட்டிறைச்சி 63 டிகிரியிலேயே பாதுகாப்பான நிலையை எட்டிவிடும்; மீதிச் சூடு முழுவதும் மென்மைக்காகத்தான்.

மிஞ்சிய உணவில் அதே வேதியியல் பின்னோக்கி ஓடுகிறது. குளிர்ப்பெட்டியில் வைத்த சாறு மறுநாள் ஆடும் கட்டியாக உறைந்திருக்கும். குளிரக் குளிர, அவிழ்ந்த சங்கிலிகள் ஆங்காங்கே மறுபடியும் மூன்று மூன்றாகக் கூடிச் சிறு முறுக்குகளை உண்டாக்கி, வலைபோல் நீரைப் பிடித்துவைக்கின்றன. மேலே வெள்ளையாகப் படிந்த கொழுப்பை ஒரே தகடாக எடுத்துவிடலாம். கட்டி 35 டிகிரிக்குள்ளாகவே மீண்டும் உருகும். வாய்ச் சூடே அதற்குப் போதும். இறைச்சியைக் குறுக்கே வெட்டித் துண்டுகளாக்குவதற்கும் இந்தக் குளிர்ந்த நிலையே ஏற்றது, சூடாக இருக்கும்போது வெட்டினால் உதிர்ந்துவிடும்.

ஆனால் மிச்சத்தைப் பெரிய பாத்திரத்தோடு மேசையிலேயே ஆறவிடக் கூடாது. சமையல் சூட்டைத் தாங்கிப் பிழைக்கும் கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள், உணவு மெல்ல ஆறும்போது முளைத்து, 45 டிகிரியை ஒட்டிய சூட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக் கூடியவை. தட்டையான சிறு பாத்திரங்களில் பிரித்து, சமைத்து முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். மீண்டும் சூடாக்குவதும் ஸ்லோ குக்கரில் வேண்டாம். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ 74 டிகிரிக்கு விரைவாகக் கொண்டுவந்த பிறகு, பரிமாறும்வரை சூடாக வைத்திருக்க வேண்டுமானால் கலனுக்கு மாற்றிக்கொள்ளலாம்.